கடைக்கோடி மோட்டார் ஏன் கருகுகிறது? பம்பு செட்டுக்குக் கெபாசிட்டர்

ஆரணி வட்டாரத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம். சம்பாவுக்கு மழையும் ஏரியும் ஓரளவு கைகொடுக்கும். நவரையும் சொர்ணவாரியும் பெரும்பாலும் கிணற்றை நம்பியவை. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. ஆனி மாதம் சொர்ணவாரி நெல் கதிர் வாங்கும் நேரத்தில் மோட்டார் காயில் கருகிவிட்டால், அதைக் கழற்றி, ஆரணிக்கு எடுத்துச் சென்று, காயில் கட்டி, திரும்பக் கொண்டுவந்து பொருத்துவதற்குள் நாலைந்து நாள் போய்விடும். கதிர் வாங்கும் பயிருக்கு அந்த நாலைந்து நாள் பெரிது. காயில் கட்டிய கூலி ஒரு பக்கம் இருக்க, களத்தில் பதர் கூடுவதும் அதே கணக்கில்தான் சேர வேண்டும்.

எந்த மோட்டார் கருகுகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து நிலத்து மோட்டார் பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடும். அதே கம்பியில் கடைசியாக, எட்டு அல்லது பத்துக் கம்பங்கள் தள்ளி இருப்பவரின் மோட்டார் அடிக்கடி கடைக்குப் போகும். ஏரிப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்பது போலவே மின்சாரத்திலும் உண்டு. ஏரியில் கடைமடைக்குத் தண்ணீர் குறைகிறது. கம்பியில் கடைக்கோடிக்கு வோல்டேஜ் குறைகிறது.

மும்முனை மோட்டாருக்கு வர வேண்டியது 415 வோல்ட். கடைக்கோடியில் இது 350-க்கு இறங்குவது அரிதல்ல. இறங்கினால் மோட்டார் குறைவாக மின்சாரம் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. தண்ணீரை மேலே தள்ளும் வேலை அப்படியே இருப்பதால், குறைந்த வோல்டேஜுக்கு ஈடாக மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கும். 350 வோல்ட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால், சூடு 40 சதவீதம் கூடும். காயில் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் இந்தச் சூட்டில் சிறிது சிறிதாக உலர்ந்து உதிரும். ஒரு நாள் கருகிய வாடை வரும்.

வோல்டேஜ் இறங்குவதற்குக் காரணம் பல. டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி நீளமாகப் போவது ஒன்று. தாங்கும் அளவுக்கு மேல் மோட்டார்கள் சேர்ந்திருப்பது இன்னொன்று. இவ்விரண்டையும் விவசாயி தனியாகச் சரிசெய்ய முடியாது. மூன்றாவது காரணம் ஒவ்வொரு பம்பு செட் கொட்டகையிலும் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் கருவிதான் கெபாசிட்டர்.

கைமாற்றுக் கணக்கு

மோட்டார் கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரம் இரண்டு வேலைக்குப் போகிறது. ஒரு பகுதி பம்பைச் சுற்றித் தண்ணீரை ஏற்றுகிறது. இதுதான் செலவாகும் மின்சாரம். மீட்டர் இருந்தால் யூனிட்டாகக் காட்டும். இன்னொரு பகுதி மோட்டாரின் இரும்பைக் காந்தமாக்குகிறது. காந்தம் இல்லாமல் மோட்டார் சுற்றாது. ஆனால் இந்தக் காந்த மின்சாரம் செலவாவதில்லை. மோட்டார் அதை வாங்குகிறது, திருப்பித் தருகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் இந்த வாங்கலும் தருதலும் நொடிக்கு 100 முறை நடக்கிறது.

இதைக் கைமாற்றோடு ஒப்பிடலாம். ஒருவர் காலையில் ஆரணிக்குப் போய் ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கி வந்து மாலையில் திருப்பிக் கொடுக்கிறார். மறுநாளும் அப்படியே. பணம் செலவாகவில்லை, கடனும் ஏறவில்லை. ஆனால் தினமும் போக வர நடை உண்டு. ஊரில் எல்லோரும் இப்படிச் செய்தால் பஸ்ஸில் இடம் இருக்காது. உண்மையில் வேலைக்குப் போகிறவர் தொங்கிக்கொண்டு போக வேண்டிவரும். அந்த ஆயிரம் ரூபாய் வீட்டு உண்டியலிலேயே இருந்தால் ஆரணிக்கு நடக்க வேண்டியதில்லை.

கெபாசிட்டர்தான் அந்த உண்டியல். மோட்டார் காந்த மின்சாரத்தைக் கேட்கும் நொடியில் கெபாசிட்டர் கொடுக்கிறது. மோட்டார் திருப்பித் தரும் நொடியில் கெபாசிட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கல் கொட்டகைக்குள்ளேயே முடிகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியில் வேலை செய்யும் மின்சாரமும், சிறிதளவு காந்த மின்சாரமும் மட்டுமே ஓடும்.

மொத்த மின்சாரத்தில் வேலை செய்யும் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்ணுக்கு மின்திறன் காரணி, அதாவது பவர் பேக்டர் என்று பெயர். இதில் நேர்க் கூட்டல் கழித்தல் உதவாது. கொத்தனார் சுவரின் மூலை பார்க்கக் கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி அளப்பாரே, அந்தக் கணக்கு. வேலை செய்யும் மின்சாரம் 4 பங்கு, காந்த மின்சாரம் 3 பங்கு என்றால் கம்பியில் ஓடுவது 7 அல்ல, 5 பங்கு. நாலை ஐந்தால் வகுத்தால் 0.8. காந்தப் பங்கு முழுவதும் நீங்கினால் காரணி 1 ஆகும். பம்பு செட் மோட்டார்களில் இது 0.7-க்கும் 0.8-க்கும் இடையில் இருப்பது சகஜம். 5 குதிரைத்திறன் போதுமான கிணற்றில் 7½ வைத்து ஓட்டினால் இன்னும் இறங்கும். வேலை குறைந்தாலும், காந்தமாக்க வேண்டிய இரும்பு பெரிய மோட்டாரில் அதிகம் அல்லவா?

ஒரு டிரான்ஸ்பார்மர், பத்து மோட்டார்

5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம், காரணி 0.75, வோல்டேஜ் 415 என்றால் அது இழுப்பது ஏறத்தாழ 8.6 ஆம்பியர். இதோடு 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் காரணி 0.9-க்குச் சற்று மேலே ஏறும். கம்பியில் ஓடுவது 7.1 ஆம்பியராகக் குறையும். ஒன்றரை ஆம்பியர் மிச்சம்.

ஒரே ஒரு விவசாயி மட்டும் வைத்தால் இந்த ஒன்றரை ஆம்பியர் எங்கே போயிற்றென்றே தெரியாது. ஒரு 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் இதே அளவில் பத்து மோட்டார்கள் ஓடுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 86 ஆம்பியர். அந்த டிரான்ஸ்பார்மர் தாங்கக்கூடியது சுமார் 84 ஆம்பியர். ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. பத்தில் ஒருவர் கெபாசிட்டர் வைத்தால் 86 என்பது 85 ஆகும். வோல்டேஜ் அசையாது. வைத்தவர் ஏமாந்ததாக நினைப்பார்.

பத்துப் பேரும் வைத்தால் 86 என்பது 71 ஆகிறது. டிரான்ஸ்பார்மர் தன் அளவுக்குள் வந்துவிடுகிறது. கம்பியில் சூடாகி வீணாகும் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கெபாசிட்டரின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. பெட்டி தனித்தனிக் கொட்டகையில் இருந்தாலும் பலன் டிரான்ஸ்பார்மருக்குப் பொதுவானது. ஏரி மதகைப் போலப் பத்துப் பேரும் சேர்ந்து பார்க்க வேண்டிய காரியம் இது.

கஷ்டமும் இதில்தான். அதிகப் பலன் கடைக்கோடிக்காரருக்கு. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வோல்டேஜ் குறையவே இல்லை. அவர் எதற்குக் கைக்காசு போட வேண்டும்? ஆந்திரத்தில் 2004-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தபோது, கெபாசிட்டர், உராய்வு குறைந்த புட் வால்வு, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றைப் பொருத்த வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. பின்னாளில் அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதே சங்கடத்தைத்தான். அக்கம்பக்கத்தார் வைக்காதபோது தான் மட்டும் வைத்துப் பயனில்லை என்று ஒவ்வொருவரும் நினைக்க, பெரும்பாலோர் வைக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மர் கருகினால் தலைமடையும் கடைமடையும் ஒன்றுதான். மாற்று டிரான்ஸ்பார்மர் வரும்வரை பத்துக் கிணறும் சும்மா கிடக்கும். பியூஸ் அடிக்கடி போகும் டிரான்ஸ்பார்மர், எண்ணெய் கசியும் டிரான்ஸ்பார்மர் உள்ள இடத்தில் இந்தப் பேச்சு எளிதில் காதில் ஏறும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 71 ஆம்பியராகக் குறைந்ததும் இடம் இருக்கிறதென்று பதினோராவது, பன்னிரண்டாவது மோட்டாரைச் சேர்த்தால் பழைய நிலைமை திரும்பிவிடும். 5 குதிரைத்திறன் என்று பதிவு செய்துவிட்டு 7½ ஓட்டுவதும் அப்படித்தான். கைமாற்று நடை குறைந்து பஸ்ஸில் கிடைத்த இடத்தை வேறு யாரோ பிடித்துக்கொண்டதாகத்தான் முடியும்.

யார் பணம் கட்டுகிறார்கள்?

ஆரணியைச் சுற்றியுள்ள பெரிய நெல் அரவை ஆலைகளுக்குக் கெபாசிட்டரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உயரழுத்த இணைப்பு உள்ள ஆலையில் மின்திறன் காரணி 0.90-க்குக் கீழே போனால் மின் கட்டணத்தோடு ஈட்டுத்தொகையும் சேர்ந்து வரும். ஆகவே ஆலைகளில் கெபாசிட்டர்களைத் தனி அலமாரியில் அடுக்கி, தேவைக்குத் தக்கபடி தானாகச் சேரவும் விலகவும் வைத்திருப்பார்கள். நெல்லை அரைக்கும் இடத்தில் இருக்கும் இந்தக் கவனம் நெல் விளையும் இடத்தில் இல்லாததற்குக் காரணம், வயலில் பில் வருவதில்லை என்பதுதான்.

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசமாயிற்று. அதற்கு முன்பு யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று கட்டிய காலத்திலும் மீட்டர் யூனிட்டை மட்டுமே எண்ணியது. கைமாற்று மின்சாரத்துக்கு விவசாயி அன்றும் பணம் கட்டவில்லை, இன்றும் கட்டவில்லை. ஆனால் அதன் விலையைக் காயில் கட்டும் கடையில் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கெபாசிட்டரின் விலை, ஒரு முறை காயில் கட்ட ஆகும் செலவில் ஒரு பகுதிதான். மறுபடி மறுபடி காயில் கட்டிய மோட்டாரின் செயல்திறனும் பழையபடி இருப்பதில்லை. அதுவும் ஒரு நஷ்டம்.

துணை மின்நிலையங்களில் மின்சார வாரியமே பெரிய கெபாசிட்டர் தொகுதிகளை வைத்திருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது துணை மின்நிலையத்துக்கு மேலே உள்ள கம்பிகளின் பாரத்தைக் குறைக்கும். டிரான்ஸ்பார்மருக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தாழ்வழுத்தக் கம்பிக்கு அதனால் லாபம் இல்லை. கைமாற்று நடை அந்தக் கடைசித் தொலைவில் நடந்துகொண்டேதான் இருக்கும். மோட்டாரின் பக்கத்தில் வைத்தால்தான் முழுப் பலன்.

நெசவு உள்ள ஊர்களில் இந்த விஷயம் தறி வரைக்கும் வந்திருக்கிறது. ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் போகும் இடங்களில், மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் வீட்டு விளக்கு மங்கும். கைத்தறிக்கு மோட்டார் வேண்டாம். ஆனால் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு இழையையும் ஜரிகையையும் பார்க்க வெளிச்சம் வேண்டும். டியூப் லைட் காலத்தில் வோல்டேஜ் இறங்கினால் விளக்கு விட்டுவிட்டு மின்னுமே தவிர எரியாது. எல்.இ.டி. விளக்குகள் குறைந்த வோல்டேஜையும் தாங்குவதால் இந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் தறியிலும் ஒருவர் வயலிலும் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

எத்தனை கே.வி.ஏ.ஆர்.?

கெபாசிட்டரின் அளவை கே.வி.ஏ.ஆர். என்ற அலகில் குறிக்கிறார்கள். கடையில் இந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். 3 குதிரைத்திறன் மோட்டாருக்கு 1, 5 குதிரைத்திறனுக்கு 2, 7½ குதிரைத்திறனுக்கு 3, 10 குதிரைத்திறனுக்கு 4 கே.வி.ஏ.ஆர். என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. மின் இணைப்பு அட்டையில் எழுதியிருக்கும் குதிரைத்திறனைப் பார்க்காமல், கொட்டகையில் உண்மையில் ஓடும் மோட்டாரைப் பார்த்து வாங்க வேண்டும்.

உரம் அதிகம் போட்டால் பயிர் சாய்வது போல இங்கேயும் அளவு மீறக்கூடாது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 4 கே.வி.ஏ.ஆர். வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று வைப்பவர்கள் உண்டு. சுவிட்சை நிறுத்தியபின் மோட்டார் சிறிது நேரம் தானே சுற்றும் அல்லவா? அப்போது பெரிய கெபாசிட்டர் அந்த மோட்டாரையே ஜெனரேட்டர் போல ஆக்கி, அளவுக்கு மீறிய வோல்டேஜை உண்டாக்கும். காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து கெடும். கெபாசிட்டரால்தான் மோட்டார் கருகியது என்று சொல்லி ஊரே கழற்றிப் போடுவதற்கு இப்படி ஒன்று நடந்தால் போதும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, மும்முனைக் கெபாசிட்டர்தானா, 415 அல்லது 440 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 440 வோல்ட்டுக்குச் செய்தது நீண்ட நாள் உழைக்கும். ஆனால் 415 வோல்ட்டில் அது தன் அளவில் 89 சதவீதம்தான் வேலை செய்யும். கடைக்கோடியில் வோல்டேஜ் 350-க்கு இறங்கும்போது 63 சதவீதம்தான். உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் உதவி குறைவது இந்தக் கருவியின் குறைதான். எல்லோரும் சேர்ந்து வைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடுக்கும் இடம்

கெபாசிட்டரை ஸ்டார்ட்டருக்குப் பிறகு, மோட்டார் பக்கம் தொடுக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது கெபாசிட்டரும் சேர வேண்டும். மோட்டார் நின்றால் அதுவும் விலக வேண்டும். மெயின் சுவிட்சிலேயே தொடுத்துவிட்டால் மோட்டார் ஓடாத நேரத்திலும் அது கம்பியில் இருந்துகொண்டே இருக்கும். இரவில் எல்லா மோட்டாரும் நின்ற பிறகு இப்படிப் பல கெபாசிட்டர்கள் கம்பியில் தொங்கினால் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறும்.

நேரடி ஸ்டார்ட்டரில் இந்தத் தொடுப்பு எளிது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு ஆறு கம்பிகள் போவதால் தொடுப்பு வேறு மாதிரி. விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும். நீர்மூழ்கி மோட்டாருக்குக் கெபாசிட்டரைக் கிணற்றுக்குள் இறக்க முடியாது. மேலே உள்ள ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கத்தில் வைத்தால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று ஓவர்லோடு ரிலே. கெபாசிட்டரை ரிலேக்குப் பிறகு தொடுத்தால் ரிலே வழியாக ஓடும் மின்சாரம் குறைந்துவிடும். மேலே சொன்ன கணக்கில் ரிலே 8.6 ஆம்பியருக்குப் பதில் 7.1-ஐத்தான் பார்க்கும். பழைய அளவிலேயே ரிலேயை விட்டுவைத்தால், மோட்டாருக்கு உண்மையிலேயே பாரம் கூடும்போது அது காலத்தில் விழாது. காவல்காரன் தூங்குவது போலத்தான். கெபாசிட்டர் வைத்த அன்றே ரிலே அளவையும் அதற்கேற்பக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

அம்மீட்டர் காட்டவில்லை என்று ஏமாற வேண்டாம். அம்மீட்டருக்குப் பிறகு கெபாசிட்டர் இருந்தால் ஆம்பியர் குறைவது தெரியும். அம்மீட்டருக்கு முன்னால் இருந்தால் முள் அசையாது. மோட்டாருக்குள் ஓடும் மின்சாரத்தை அது குறைப்பதில்லை, கம்பியில் வரும் மின்சாரத்தைத்தான் குறைக்கிறது.

பெட்டியை வெயிலும் சாரலும் படாத இடத்தில், காற்றோட்டமாக, சுவரில் பொருத்த வேண்டும். கிணற்றுச் சுவரின் மேலோ மோட்டாரின் மேலோ வைப்பது ஆகாது. எர்த் கம்பி அவசியம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர் உள்ளே இருந்தாலும் மூன்று நிமிடமாவது பொறுத்தபின், எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்த்தே முனையைத் தொட வேண்டும். பையன்களை அதன் பக்கம் விடக்கூடாது.

ஒரே பெயர், வேறு வேலை

கெபாசிட்டரைக் கண்டென்சர் என்றும் சொல்வதால் பெரிய குழப்பம் ஒன்று நடக்கிறது. இரண்டு முனை மட்டும் வரும் நேரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டச் சிலர் கண்டென்சர் போடுகிறார்கள். இது இந்தக் கட்டுரையில் சொல்லும் கெபாசிட்டர் அல்ல. அது இல்லாத மூன்றாவது முனையை ஒப்புக்கு உண்டாக்குவது. மூன்று காயில்களிலும் மின்சாரம் சமமாக ஓடாததால் மோட்டார் சூடாகும். டிரான்ஸ்பார்மரில் இரண்டு முனைகள் மட்டும் பாரம் சுமக்கும். மின்சார வாரியம் இதை அனுமதிப்பதில்லை. கடைக்கோடி மோட்டாரைக் காப்பாற்ற வைப்பது ஒரு கண்டென்சர், கருகடிப்பது இன்னொரு கண்டென்சர்.

ஒரு முனை மின்சாரத்தில் ஓடும் சிறிய ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் பெட்டிக்குள்ளும் கெபாசிட்டர் இருக்கும். அந்த மோட்டார் கிளம்பவும் ஓடவும் வேண்டியது அது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் பிளக்கில் சொருகினால் மின் கட்டணம் குறையும் என்று சொல்லி விற்கப்படும் சிறு பெட்டிகளிலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர்தான். வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும் எண்ணுவதால் அந்தப் பெட்டியால் கட்டணம் குறையாது. அதற்குக் கொடுக்கும் காசு தண்டம்.

கெபாசிட்டரால் முடியாதவை

கெபாசிட்டர் வைத்தால் தண்ணீர் அதிகம் வராது. தண்ணீரின் அளவு பம்பையும் குழாயையும் புட் வால்வையும் கிணற்றையும் பொறுத்தது. 350 வோல்ட் ஒரே நாளில் 415 ஆகிவிடவும் செய்யாது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடுத்தரக் கம்பியில் 40 ஆம்பியர் ஓடி 63 வோல்ட் குறைகிறது என்றால், எல்லோரும் கெபாசிட்டர் வைத்தபின் குறைவது 55 வோல்ட் அளவில் இருக்கும். எட்டு வோல்ட் லாபம். இது சிறியதாகத் தோன்றினாலும், விளிம்பில் நிற்கும் மோட்டாருக்கு உதவும். டிரான்ஸ்பார்மரின் பாரம் குறைவதே பெரிய லாபம். மீதிக் குறையை, தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்தைக் குறைத்து, கிணறுகளுக்குப் பக்கத்திலேயே சிறு டிரான்ஸ்பார்மர்களை வைத்துத்தான் தீர்க்க முடியும். அது மின்சார வாரியத்தின் வேலை.

ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டரால் வரும் தொல்லைக்கும் கெபாசிட்டர் மருந்தல்ல. மும்முனை மின்சாரம் வந்த நொடியில் பத்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால், ஒவ்வொன்றும் கிளம்பும்போது சாதாரணமாக இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். கடைக்கோடியில் மோட்டார் கிளம்பவே முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும். ஆளுக்கு ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, கடைக்கோடி மோட்டார் முதலில் கிளம்பும்படி டைமர் வைத்துக்கொண்டால் இது தீரும். பங்காளிகள் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் ஊரில் இந்த முறையும் சாத்தியம்தான்.

புதிய விவசாய இணைப்பு கேட்கும்போது மோட்டாரோடு கெபாசிட்டரும் இருக்க வேண்டும் என்று கேட்பது மின்சார வாரியத்தில் வழக்கம். 2024-இல் பிரிக்கப்பட்டபின் மின் வினியோகத்தைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் கவனிக்கிறது. ஆனாலும் ஊரில் அது வாரியம்தான். இணைப்பு வாங்கும் நாளில் பொருத்திய கெபாசிட்டர் அதன்பின் எத்தனை கொட்டகைகளில் வேலை செய்கிறது என்பதே கேள்வி. கெட்டுப்போன கெபாசிட்டர் சத்தம் போடாது. மோட்டார் வழக்கம்போல ஓடும். அதனால் யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது சுலபம். எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருக்கும். மோட்டார் ஓடும்போது கெபாசிட்டருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் விட்டுப் பார்க்க வேண்டும். 440 வோல்ட்டுக்குச் செய்த 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் 415 வோல்ட்டில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் இரண்டரை ஆம்பியர் காட்ட வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் அதற்கேற்பக் குறையும். ஆனால் மூன்றிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு கம்பியில் மட்டும் குறைந்தாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ மாற்ற வேண்டியதுதான். டப்பாவின் மேல்பக்கம் உப்பியிருந்தால் டெஸ்டரும் தேவையில்லை. நவரை அறுவடைக்கும் சொர்ணவாரி நடவுக்கும் இடையே மோட்டார் ஓய்வாக இருக்கும் நாட்களில், ஒரே எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லாக் கொட்டகைகளிலும் மோட்டாரைச் சற்று நேரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னால், அரை நாள் கூலியைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம். புதிதாக வைக்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் பெயிண்டால் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு பார்க்கிறவருக்கு வேலை குறையும்.